நல்ல பூச்சியை வேம்பு ஓரளவு விடும், புகையிலை விடாது

"இயற்கைப் பூச்சிமருந்துதானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வாரம் தவறாமல் மாடித்தோட்டம் முழுக்க அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். புகையிலையும் செடிதான். அதிலுள்ள நிகோடின் நரம்பைத் தாக்கும் விஷம். செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியும் சாகும், அதைத் தின்ன வந்த பொறிவண்டும் சாகும், தோலில் ஊறினால் அடிக்கிற நமக்கே தலை சுற்றும். அக்னி அஸ்திரம் என்ற இயற்கைப் பூச்சிவிரட்டியில் மிளகாய், பூண்டோடு புகையிலையும் சேர்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. பைரித்ரம் என்ற பூச்சிமருந்துகூட சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுப்பதுதான். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், சரி, ஆனால் அடிக்கும் நேரத்தில் மேலே பட்டது எந்தப் பூச்சியானாலும் சுருண்டு விழும்.

வேம்பு கதை வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பெரும்பாலும் வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்கிறது: இலை தின்னும் புழுவுக்குத் தீனி பிடிக்காமல் போகும், தோலுரிக்கும் ஹார்மோன் குழம்பி பாதி உரித்த தோலோடு செத்துப்போகும். பொறிவண்டும் சிலந்தியும் இலையைத் தின்பதில்லை, அதனால் ஓரளவு தப்பிக்கின்றன. ஆனால் பொறிவண்டின் புழுவும் தோலுரித்துத்தானே வளர வேண்டும்? நேரடியாக மேலே பட்டால் அதற்கும், அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் சிக்கல்தான். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தால் இன்னொரு தொல்லை, எண்ணெய்ப் படலம் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும், நல்ல பூச்சி கெட்ட பூச்சி என்று அது பார்க்காது.

பெரிய கொடுமை, அந்த நல்ல பூச்சிகளின் புழுக்களை நமக்கு அடையாளமே தெரியாதது. பொறிவண்டுப் புழு கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும், பார்த்ததும் நசுக்குகிறோம். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழு இன்னும் மோசம், வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி போலவே ஊர்ந்து போகும். நன்றாக நடந்து திரிகிற, பருத்த "மாவுப்பூச்சி"யைக் கண்டால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறேன்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம், அசுவினி மொய்த்த கொழுந்தில் மட்டும். அங்கேயே பொறிவண்டுப் புழு இருந்தால் அந்தக் கொழுந்தைத் தொடுவதில்லை. அப்புறம் எறும்பு வரிசை இருந்தால் முதலில் அதைத் துரத்துங்கள், அசுவினி விடும் இனிப்புக்காகக் காவல் நின்று பொறிவண்டை விரட்டுவது அதுதான்.