எம்ஆர்ஐ குழாய்க்குள் அரைமணி நேரம்

சோமனூரில் வீட்டோடு விசைத்தறி வைத்திருக்கிறோம். 15 வருஷம் தறி முன்னால் நின்றதில் இடுப்பு வலி இடது கால் வரைக்கும் இறங்கிவிட்டது. டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கோயம்புத்தூர் போனோம்.

முதல் சங்கடம் தாலி. கழற்றச் சொன்னதும் அத்தையின் முகம் வாடிவிட்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்று நானும் கேட்டேன். கொடியில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. மெஷினிலுள்ள காந்தமோ 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். தங்கம் ஒட்டாவிட்டாலும், படம் எடுக்க மெஷின் அனுப்பும் ரேடியோ அலை பட்டால் அதில் மின்சாரம் ஓடிச் சூடேறலாம் என்றார் டெக்னீஷியன் தம்பி. அத்தை மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி என் கழுத்தில் போட்ட பிறகுதான் உள்ளே போக விட்டார்.

"எடை எவ்வளவுங்க அக்கா?" இதைத் தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள். உடம்பு எவ்வளவு ரேடியோ அலையை வாங்கலாம் என்று மெஷின் எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சாதாரணமாகக் கிலோவுக்கு 2 வாட்தான் எல்லை. கைகளைக் கோக்கவும் விடவில்லை, தொடைகளுக்கு நடுவில் துணி வைத்தார்கள். தோலோடு தோல் ஒட்டினால் உடம்பே வளையமாகி மின்சாரம் சுற்றும். ஒட்டிய இடம் சுட்டுவிடும்.

காதை அடைத்தும் சத்தம் பலமாகத்தான் இருந்தது. கம்பிச்சுருள்கள் அதிரும் சத்தமாம். தறி ஓட்டுகிறவளுக்கு அது பெரிதில்லை. பத்து நிமிஷத்தில் இடுப்பு வெதுவெதுப்பானபோதுதான் பயம் வந்தது. உடம்பு அலையை உறிஞ்சும் சூடு அது, சகஜம். ஆனால் ஒரே இடத்தில் சுட்டால், கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை உடனே அழுத்திவிடுங்கள்.

"கதிரு உடம்புல தங்கீருமா சாமி?" என்று அத்தை கேட்டதற்கு அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னார். இது எக்ஸ்ரே இல்லை, ரேடியோ அலை. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் 64 மெகாஹெர்ட்ஸ் அலையை வாங்கி, அலை நின்றதும் அதே அலைவரிசையில் மெலிதாகத் திருப்பி அனுப்புகிறது. நம் எஃப்எம் 88இல் தொடங்குகிறது. அதற்குக் கொஞ்சம் கீழே. வெளி ரேடியோ எதுவும் கலக்காமலிருக்க அறைச் சுவரையே தாமிரத் தகட்டால் மூடியிருக்கிறார்களாம்.

அப்புறம் படத்தைக் காட்டினார்கள். ஜவ்வெல்லாம் வெளுப்பாகத் தெரிய, நான்காவது ஐந்தாவது இடுப்பு எலும்புக்கு நடுவில் மட்டும் கறுப்பு. அந்த ஜவ்வில் தண்ணீர் வற்றியிருக்கிறது. திருப்பி அனுப்ப அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.