கெர்னல் வைவாவில் கிளாக் டிரைவர் வந்தால் என்ன செய்வது

பகுதிநேரமாக எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கிற நம் ஆட்கள் சிலர் லினக்ஸ் கெர்னல் (இயக்க அமைப்பின் மையப் பகுதி) வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, எதைப் படிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஷெட்யூலர், மெமரி, லாக்கிங், பழைய வினாத்தாள், போதும். வைவா வேறு மாதிரி. சிப்பின் துடிப்பு வேகத்தை நிர்வகிக்கும் ஒரு கிளாக் டிரைவரின் ஆப்ஸ் ஸ்ட்ரக்சரை, அதாவது கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்களின் (கால்பேக்குகளின்) பட்டியலை, தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். வேகத்தை மாற்றும் செட்_ரேட் இருக்கிறது, கேட்டதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் ரவுண்ட்_ரேட் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இதைப் பதிவு செய்தால் என்ன ஆகும்? இப்போதைய வேகத்தைச் சொல்லும் ரீகால்க்_ரேட் இல்லை, அதனால் கெர்னல் ஏற்காது, ஈஇன்வால் என்ற பிழைக் குறியீடு, அதாவது மைனஸ் 22 திரும்பி வரும். இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். "ஏன் பதிவு செய்யும்போதே தடுக்கணும், ஓடும்போது பார்த்துக்கலாமே?" என்று அடுத்த கேள்வி வரும், மிச்ச நேரம் முழுவதும் அதிலேயே போகும்.

அதனால் விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சோதனையையும் எடுத்து, இது இல்லாவிட்டால் போர்டில் என்ன நடக்கும் என்று கடைசி வரை யோசித்துப் பாருங்கள். படிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: கெர்னல் மூலநிரலில் டிரைவர்ஸ் கோப்புறைக்குள் கிளாக் பகுதியின் முதன்மைக் கோப்பு, அதில் கிளாக்_கோர்_இனிட் என்ற ஃபங்ஷன். காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் 2012-இல் லினக்ஸ் 3.4-இல் வந்தது, அதற்கு முன் ஆர்ம் பிளாட்ஃபார்ம்கள் ஆளுக்கொரு கிளாக் அமைப்பை வைத்திருந்தன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.

செட்_ரேட் கொடுத்தால் ரீகால்க்_ரேட் கட்டாயம், கூடவே ரவுண்ட்_ரேட் அல்லது அதே வேலைக்கான டிட்டர்மின்_ரேட் ஏதாவது ஒன்று வேண்டும். ஏனென்றால் வேகத்தை மாற்றும் முன் கெர்னல், கேட்ட வேகத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று ஹார்ட்வேரைத் தொடாமலே கணக்குப் போடுகிறது, அந்தப் புது வேகத்தை நோட்டிஃபையர் வழியாகச் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்கிறது, அவர்களில் யாராவது வேண்டாம் என்றால் மாற்றத்தையே கைவிடுகிறது. ரவுண்ட் செய்ய வழியில்லையென்றால் எதை வைத்துச் சொல்வது? மாற்றிய பிறகு உண்மையில் என்ன வேகம் என்று கேட்க ரீகால்க்_ரேட் வேண்டும். அது இல்லாத கிளாக்குக்குப் பேரண்டின், அதாவது அதற்குத் துடிப்பு தரும் மேல் கிளாக்கின், வேகத்தையே கெர்னல் எடுத்துக்கொள்ளும். டிவைடர் 4-ஆல் வகுத்துக்கொண்டிருக்க, கணக்கில் மட்டும் முழு வேகம் நிற்கும்.

எனக்குப் பிடித்தது கெட்_பேரண்ட் சோதனைதான், தேர்வாளர்களுக்கும் அது பிடிக்கும் போல. ஒன்றுக்கு மேற்பட்ட பேரண்ட் இருந்தால், இப்போது எது பேரண்ட் என்று சொல்லும் கெட்_பேரண்ட் இருந்தே ஆகவேண்டும். கெர்னல் எழுவதற்கு முன்பே பூட்லோடர் மக்ஸை (பேரண்டைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை) ஏதோ ஒரு பிஎல்எல்-க்கு (கிளாக்கை உருவாக்கும் சுற்றுக்கு) திருப்பி வைத்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லையென்றால் பட்டியலில் 0-ஆவது பேரண்ட் என்றுதான் வைத்துக்கொள்ள முடியும். அப்புறம் என்ன ஆகும்? யுஆர்ட்டின் (சீரியல் போர்ட்டின்) வேகக் கணக்கு தப்பி கன்சோலில் குப்பை எழுத்துகள் வரலாம். அதைவிட மோசம், பூட் முடியும் கட்டத்தில் யாரும் பயன்படுத்தாத கிளாக்குகளைக் கெர்னல் அணைக்கும், அப்போது நிஜமான பேரண்டுக்கு யாரும் கணக்கில் இல்லாததால் அதையும் அணைத்துவிடும், போர்டு அப்படியே நின்றுபோகும், லாக்கில் ஒரு தடயமும் இருக்காது. இதை இந்த வரிசையிலேயே சொல்லிப் பழகுங்கள். பதிவின்போதே தடுத்தால் எந்த கிளாக், எந்த கால்பேக் என்று பெயரோடு ஒரு வரி கிடைக்கிறது. "ஏன் இப்போதே" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

செட்_ரேட்_அண்ட்_பேரண்ட் கொடுத்தால் செட்_ரேட், செட்_பேரண்ட் இரண்டும் வேண்டும், ஏனென்றால் சில நேரம் இரண்டில் ஒன்று மட்டுமே மாறும். இதை வேகமாகக் கடந்துவிடலாம்.

இனி, சோதனை எதைப் பிடிக்காது என்பது. நல்ல மார்க் வாங்குகிறவர்கள் இங்கேதான் பிரிகிறார்கள். திறந்து மூடும் வகையான கேட் கிளாக்குக்கு எனேபிள், டிஸேபிள், இஸ்_எனேபில்டு மூன்றும் கட்டாயம் என்று கெர்னல் ஆவணத்தின் அட்டவணை சொல்லும், ஆனால் பதிவு செய்யும் நிரல் அவற்றைப் பார்ப்பதில்லை. எனேபிள் ஸ்பின்லாக் என்ற பூட்டின் கீழ் ஓடுவதால் அதற்குள் தூங்கக்கூடாது (காத்திருக்கக்கூடாது), அதற்கு முன் ஓடும் பிரிப்பேர் தூங்கலாம். இதையும் பாயிண்டரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐ2சி என்ற மெதுவான பஸ்ஸில் உட்காரும் எஸ்ஐ5351 சிப்பின் டிரைவர் ஏன் வெளியீட்டுக் கிளாக்கை எனேபிளில் இல்லாமல் பிரிப்பேரில் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள், நல்ல எடுத்துக்காட்டு.

போர்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடவும் வேண்டாம். க்யூஎமு எமுலேட்டரில் ஆர்ம்64 விர்ட் மெஷின் போதும். ஹார்ட்வேர் எதுவும் இல்லாத பொய்க் கிளாக் ஒன்றைச் சின்ன மாட்யூலாக எழுதி, கால்பேக்குகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே எடுத்துவிட்டு டிமெசெஜில் (கெர்னல் லாக்கில்) என்ன வருகிறது என்று பாருங்கள். சரியாகப் பதிவானால் டீபக்எஃப்எஸ்-இல் கிளாக் சம்மரியில் உங்கள் கிளாக் தெரியும். ஹார்ட்வேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலும் சேர்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும்: கிளாக் பதிவு தோற்றாலும் சத்தம் வருவது வேறு இடத்தில், அந்தக் கிளாக்கை நம்பியிருக்கும் டிவைஸ் மைனஸ் 517, அதாவது ஈபுரோப்_டிஃபர், வாங்கிக்கொண்டு காத்திருக்கும், நீங்கள் எஸ்டி கார்டு டிரைவரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

நிரலை வாசிக்க நேரமில்லை என்கிறவர்களுக்கு: பாசிர் ரிஸ்ஸிலிருந்து பூன் லே வரை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கிளாக்_கோர்_இனிட் ஃபங்ஷனை மெதுவாகவே படித்து முடித்துவிடலாம். நண்பரோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நூலகம் ஒத்துவராது, கோப்பிக்கடையில் உட்காருங்கள், சத்தத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வைவாவில் பதில் சொல்லும் முன் எந்தக் கெர்னல் பதிப்பு என்று கேளுங்கள். 6.6-இலிருந்து செட்_பேரண்ட் வைத்திருந்தால் டிட்டர்மின்_ரேட் கட்டாயம், பழைய பதிப்பில் அது இல்லாமலும் பதிவாகும். ரவுண்ட்_ரேட் போதாதா என்று மடக்கினால், அது குறியோடு கூடிய லாங் வகை எண்ணைத் திருப்புவதால் 32-பிட் மெஷினில் 2,147,483,647 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் எதிர்மறை எண்ணாக மாறிப் பிழைக் குறியீடு போலத் தெரியும் என்று சொல்லுங்கள்.