பழைய ஸ்ப்ளெண்டரில் கன்னியாகுமரி வரை: புறப்படும் முன் செய்துகொண்டிருப்பவை

பொங்கல் முடிந்ததும் சேலத்திலிருந்து கன்னியாகுமரிக்கு மோட்டார் சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். இவ்வளவு தொலைவு இருசக்கர வாகனத்தில் நான் போனதில்லை. போகப்போவது அப்பா வாங்கிய ஸ்ப்ளெண்டரில். பெட்ரோல் டேங்கில் இன்னும் ‘ஹீரோ ஹோண்டா’ என்ற பெயர்தான் இருக்கிறது. அந்த இரு நிறுவனங்களும் பிரிவதாக அறிவித்தது 2010 டிசம்பரில் என்பதால், பெயரைப் பார்த்தே வண்டியின் வயதை ஊகித்துவிடலாம். பெரிய வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு இதில் போகவே விருப்பம். இதன் 97.2 சிசி எஞ்சின் மணிக்கு 50, 55 கிலோமீட்டர் வேகத்தில் அலுக்காமல் ஓடும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் எந்த ஊரில் நின்றாலும் இதற்கு உதிரிபாகமும், இதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய ஒரு மெக்கானிக்கும் கிடைப்பார்கள்.

நெடும்பயணம் என்றதும் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அதைத் தடுத்தார். “நல்லா ஓடுற எஞ்சின எதுக்குத் தம்பி பிரிக்கணும்? கேபிளப் பாருங்க, ட்யூபப் பாருங்க, பெட்ரோல் பைப்பப் பாருங்க.” அவர் சொன்னது சரியென்று வேலையில் இறங்கியதும் தெரிந்தது. புகை இல்லாமல், இழுவை குறையாமல் ஓடும் எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் மாற்றினால் அது மறுபடியும் பல நூறு கிலோமீட்டர் பதமாக ஓடிப் பழக வேண்டும்; அதைப் பயணத்திலேயே செய்வது ஆபத்து. பழைய வண்டியில் வயதின் தேய்மானம் முதலில் தெரிவது ரப்பரிலும் கிரீஸிலும்தான். கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும்போது கால் மணி நேரத்தில் வண்டி நின்று ஆறிவிடுவதால் அந்தக் குறைகள் வெளியே வருவதில்லை. மணிக்கணக்கில் தொடர்ந்து வெயிலிலும் சூட்டிலும் ஓடும்போதுதான் அவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ஆகவே டயரிலிருந்து தொடங்கினேன். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். என் பின் டயரில் 2314 என்று இருந்தது, அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டனில், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடுகளில், ஆழம் மிச்சமிருந்தாலும், காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தியபோது பட்டன்களுக்கு இடையே மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய்திறந்தன. இரண்டு டயர்களையும் ட்யூப்களையும், ஸ்போக் முனைகள் ட்யூபில் படாமல் காக்கும் ரிம் டேப்போடு மாற்றிவிட்டேன். பல ஒட்டுகள் போட்ட பழைய ட்யூபை ‘இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்’ என்று புதிய டயருக்குள் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நெடுஞ்சாலைச் சூட்டில் ஒட்டு விட்டுப்போனால் காற்று ஒரேயடியாக இறங்கும். முன்னும் பின்னும் ஒரே 2.75-18 அளவு என்பதால் உபரியாக ஒரு ட்யூப் எடுத்துக்கொண்டாலே இரண்டு சக்கரங்களுக்கும் போதும்.

அடுத்தது பெட்ரோல் பைப். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படியொரு எரிபொருளை மனதில் வைத்து இதன் ரப்பர்களைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். பைப்பைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது டேங்க் முனை விறைத்துக் கருகியதுபோல் இருந்தது. அதையும் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கையும் மாற்றினோம். அந்த ஓ ரிங் வழியே காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகும். நகரத்துக்குள் ஐட்லிங் ஏறி இறங்குவதோடு போகிற அந்தக் குறை, நீண்ட ஓட்டத்தில் எஞ்சினையே பாதிக்கும்.

செயின் இழுக்கும் அதிர்ச்சியைத் தாங்க பின் சக்கரத்துக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால், செயின் இழுபடும் முன்பே சக்கரம் ‘டொக்’ என்று ஆடும். அந்த ஆட்டம் ரப்பர் தேய்ந்ததால் வருவது. விலை குறைந்த பொருள்தான், ஆனால் அதை விட்டுவைத்தால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டர் திருகும்போதும் அந்த அதிர்ச்சி செயினுக்கும் கியருக்கும் போகும். கிளட்ச் கேபிளில் லிவர் பக்க முனையில் இரண்டு இழைகள் அறுந்து சுருண்டு நின்றன. புதியது போட்டதோடு, உபரிக் கேபிள் ஒன்றைப் பழைய தடத்திலேயே கூடவே ஓட்டி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வழியில் அறுந்தால் இரு முனைகளை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடலாம்.

எஞ்சின் ஆயில் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதுவே கியருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் சேர்த்து உழைக்கிறது. கார் ஆயில் ஊற்றினால் அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்களால் கிளட்ச் வழுக்கக்கூடும் என்பதால் பைக்குக்கென்றே வரும் ஆயில்தான் வேண்டும். பழைய எஞ்சின் சிறிதளவு ஆயிலைக் குடிப்பது இயல்பு. எவ்வளவு குடிக்கிறது என்பது புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கேஜைத் துடைத்து, திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்து அளவு பார்த்தேன். பிறகு நாமக்கல் வரை போய்வந்து, ஆறவிட்டு மறுபடியும் பார்த்தேன். மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இறங்கவில்லை என்றாலும், கால் லிட்டர் பாட்டில் ஒன்று பையில் இருக்கும்.

பிரேக்கைச் சோதிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏற்காட்டு மலைப்பாதை இருக்கிறது. இதைவிட நல்ல பரிசோதனைக் களம் கிடைக்காது. பயணத்துக்கான சுமை முழுவதையும் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினேன். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைவதில்லை. அந்த ஓட்டத்தில்தான் வலப்பக்கப் பை சைலன்சரை நெருங்கித் தொங்குவது கண்ணில் பட்டது. பையின் அடித்துணி இளகத் தொடங்கியிருந்தது. இப்போது கனமானவற்றை இடப்பக்கமும், துணிகளைப் பின் சீட்டின் மேலுமாகப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். முதுகில் பை மாட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. அது தோளையும் கழுத்தையும் அழுத்திக் களைப்பைக் கூட்டும்.

ஆவணங்களில் பழைய வண்டிக்கென்று கவனிக்க வேண்டியது ஆர்.சி.யின் காலக்கெடு. பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்தால், வண்டியை ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கின்றன.

வழி ஏறத்தாழ 480 கிலோமீட்டர். மதுரையில் இரவு தங்கி இரண்டு நாளில் போவதாகத் திட்டம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பவர்கள் இந்த வண்டியின் ஹெட்லைட்டை நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய ஸ்ப்ளெண்டரில் அது பேட்டரியில் எரியாமல் எஞ்சின் சுழற்சியிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதால், வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். எதிரே லாரிகளின் ஒளி அடிக்கும் நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு இதை நம்பி ஓட்ட மாட்டேன். ஜனவரியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, காவல்கிணறு பகுதியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, தெற்கே போகிறவரை வலப்பக்கத்திலிருந்து தள்ளும். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பக்கவாட்டில் பை கட்டிய எடை குறைந்த வண்டிக்கு அந்தக் காற்று உகந்ததல்ல.

புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பு தேயும்வரை வளைவுகளில் சாய்க்காமல் ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செயின் ஸ்ப்ராக்கெட் செட் புதிது என்பதால் முதல் ஓட்டத்தில் சற்று இளகும். அதை ஒருமுறை இறுக்கி, நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்த பிறகு, புறப்படும் நாள்வரை வண்டியில் வேறு எதையும் கழற்றப்போவதில்லை.