இனிப்பான தக்காளிக்கு எந்த இனம்?

இனிப்புத்தான் வேண்டுமென்றால் சின்னப் பழ இனங்களையே தேடுங்கள். சாதாரணத் தக்காளியின் பிரிக்ஸ் அளவு (சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவு) 4 – 5; நல்ல செரித் தக்காளியில் 7 – 9 வரை போகும். செம்மஞ்சள் நிறச் 'சன்கோல்ட்' தான் என் முதல் தெரிவு. ஆனால் அது எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு இனங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. அதன் பழத்தில் எடுக்கும் விதை தாயைப்போல வராது. விதை சேர்த்துவைப்பவர்களுக்கு 'பிளாக் செரி' நல்லது. கறிக்கு, சொதிக்கு எங்கள் இலங்கை இனமான 'திலின' போதும்.

இனத்தைப் போலவே காலமும் முக்கியம். இரவு வெப்பம் 24 பாகைக்கு மேல் போனால் பூ பிஞ்சாகாமல் கொட்டும். அதனால் யாழ்ப்பாணத்தில் கார்த்திகைக் கடைசியில் நாற்றுப்போட்டு, 25 நாள் கன்றை மார்கழியில் நடுங்கள். தையில் பூக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். மிளகாய், கத்தரி, புகையிலை நின்ற பாத்தி வேண்டாம், வாடல் நோய் மண்ணிலேயே இருக்கும். வாடின செடியின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால்போல இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். பிடுங்கி எரிப்பதைவிட வேறு வழியில்லை.

காய் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். அள்ளி இறைத்தால் பழம் பருக்கும், ருசி கரையும். அதற்காகக் காயவிட்டுத் திடீரென இறைக்கவும் கூடாது, பழம் வெடிக்கும். செம்பாட்டு மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காயின் அடி கறுத்து அழுகுவது இந்த ஒழுங்கற்ற நீரால்தான். பறித்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 பாகைக்குக் கீழே மணம் போய்விடும்.