கொரோலா 121: சூட்டிலை மட்டும் சாகிற சொலனோயிட்

காரின்ரை 'ஓ/டி ஓஃப்' லைற் (ஓட்டோ கியர்பொக்ஸிலை பழுதெண்டால் டாஷ்போர்டிலை மினுங்கிறது) இப்ப மினுங்கிறதில்லை. கியர்பொக்ஸை இறக்காமல், அடியிலை இருக்கிற ஒயில் பான் தட்டை மட்டும் கழட்டி எஸ்1 சொலனோயிட்டை (கியர் மாத்திறதுக்கு ஒயிலைத் திறந்து மூடுற கறண்ட் வால்வ்) மாத்தினதோடை அலுவல் முடிஞ்சுது. "பெட்டி முழுக்கப் போட்டுது, வேறை பெட்டி போடுவம்" எண்டு விலை சொன்ன கராஜ்காரருக்கு இது சமர்ப்பணம்.

மாத்த முன்னம், காலமை எடுத்தால் ஒரு குறையும் இல்லை. மத்தியான வெய்யிலுக்கை ரவுணிலை ஊர்ந்து சூடாகினால் லைற் மினுங்கும், நிண்டு எடுக்கேக்கை மூண்டாம் கியரிலை எழும்புற மாதிரி முக்கும். யாழ்ப்பாணத்திலை ஏத்தம் இல்லாதபடியால் இப்படியே கனகாலம் ஓடலாம். கண்டிப் பக்கமெண்டால் அண்டைக்கே நடு றோட்டிலை நிண்டிருக்கும்.

பழுது பார்க்கிற சொக்கற்றிலை 4ஆம் பின்னையும் 13ஆம் பின்னையும் வயரால் இணைச்சு பழுதுக் கோட் பார்த்தால் 62. எஸ்1தான். ஆனால் வெளிப் பிளக்கிலை மீற்றர் வைச்சால் தடை 13 ஓம்ஸ்! ரிப்பேர் புத்தகத்திலை 20 பாகைக்கு 11 முதல் 15. கனபேர் இந்த இடத்திலைதான் சொலனோயிட் நல்லம் எண்டு விட்டுட்டு வயரிங், கொம்பியூட்டர் எண்டு அலையிறது.

நான் ஆளைக் கழட்டி, பழைய ஒயில் விட்ட தகரப் பேணிக்குள்ளை அமிழ்த்தி, கறண்ட் அடுப்பிலை மெல்லச் சூடாக்கினன். (காஸ் அடுப்பு வேண்டாம், நெருப்புப் பிடிக்கும்.) மீற்றர் கிளிப் ரெண்டும் கொழுவினபடி. செப்புக் கம்பிக்கு ஒரு பாகை ஏற 0.4 வீதம் மட்டில் தடை கூடும். அப்ப 80 பாகையிலை 16 காட்டினால் அது பழுதில்லை, அதைப் பார்த்து நல்ல சாமானை எறியாதேங்கோ. என்ரை மீற்றரும் 14, 15 எண்டு ஒழுங்காத்தான் ஏறினது. 70ஐத் தாண்டினதும் ஒரேயடியாய் 'ஓஎல்', எண்டால் கம்பி அறுந்த மாதிரி. ஆறவிட, திரும்ப 13. உள்ளுக்கை கம்பி எங்கையோ அறுந்து, குளிரிலை முட்டிக்கொண்டு நிக்குது, சூட்டிலை விலகுது. எத்தினை தரம் சூடாக்கினாலும் அதே கூத்து.

இஞ்சத்தைக் கடையளிலை தனிச் சொலனோயிட் கேட்டால் 'வால்வ் பொடி'யோடை (சொலனோயிட்டுகள் பூட்டியிருக்கிற முழுக் கட்டு) எடு எண்டினம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலை இருந்து கழட்டின சாமான்தான் எடுப்பிச்சன். 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோடை கழட்டின சாமானும் தங்க விலையாப் போட்டுது. வந்ததையும் பேணிக்குள்ளை போட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் பூட்டினன்.

பான் காந்தத்திலை சாம்பல் களி மட்டும், இரும்புத் துண்டு ஒண்டும் இல்லை. ஒயில் ரொயோட்டாவின்ரை ரைப் ரி-4தான். டபிள்யூஎஸ் எண்ட மற்ற ரகத்தை விடச் சொல்லி ஒராள் நிண்டவர், நான் கேக்கேல்லை. பானைக் கழட்டினால் இறங்கிறது 3 லீற்றர் மட்டில்தான். மிச்சப் பழசு கொன்வேட்டருக்கை (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒயிலால் இணைக்கிற பகுதி) கிடக்கு, இன்னொருக்கால் மாத்தோணும்.

ரெண்டிலையிருந்து மூண்டுக்குப் போகேக்கை சின்னத் தட்டு ஒண்டு இன்னும் இருக்கு. எனக்கு எஸ்எல்ரியிலைதான் (ஒயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சொலனோயிட்) சந்தேகம். அது 5.0 முதல் 5.6 ஓம்ஸ் காட்டோணும். எஸ்1க்குக் குடுக்கிற மாதிரி பற்றறியை நேரடியாய்க் குடுத்தால் எரிஞ்சு போகும், 8–10 வாட் பல்ப் ஒண்டைத் தொடரிலை போட்டுத்தான் தட்டிப் பார்க்கோணும். பல்ப் வாங்கி வைச்சாச்சு, ஒயில் மாத்திற அண்டைக்கே அதையும் பார்ப்பம்.