348 கோலும் பதினேழு வயதும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஹாக்கிப் பேச்சு எடுத்தால், தே தாரே (இழுத்த தேநீர்) ஆறுவதற்குள் கடை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், ஜூனியர் லீக்கில் டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையில் ஒட்டியபடி இழுத்து வீசுவது) அடிக்கும் நம் வட்டாரப் பையனைத் தலையில் தூக்கி வைத்திருக்கும் இளவட்டம். மறுபக்கம், "சொஹைல் அப்பாஸ் அடிச்சதைப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டே தம்பி" என்று ஆரம்பிக்கும் மாமாக்கள். பையனின் பெயரை எழுதப்போவதில்லை. பதினேழு வயதில் ஊர் முழுக்கத் தன் பெயரைச் சுமப்பது அவனுக்கு நல்லதில்லை.

இரண்டு தரப்பும் கோல் எண்ணிக்கையைத்தான் நீட்டுகிறது. கோளாறே அங்கேதான். எதிரணி செய்யும் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் விழும் கோலை ஃப்ளிக் அடித்தவன் பெயரில் எழுதுகிறோம். ஆனால் அதில் மூன்று பேர் கை இருக்கிறது: பந்தைத் தள்ளிவிடுபவர், அதை நிறுத்தும் ஸ்டாப்பர், ஃப்ளிக் அடிப்பவன்.

முதலில் பெரியவர் கணக்கு. சொஹைல் அப்பாஸ் பாகிஸ்தானுக்காக 1998இல் ஆட வந்தார், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக முடித்தார். 311 ஆட்டம், 348 கோல். நெதர்லாந்தின் பால் லிட்ஜென்ஸ் வைத்திருந்த 267 கோல் சாதனையை 2004இல், இந்தியாவுக்கு எதிராக அமிர்தசரசில் தாண்டினார். மாமாக்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். லிட்ஜென்ஸ் அந்த 267 கோலை 177 ஆட்டத்தில் போட்டார் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் அவருக்கு ஒன்றரை, சொஹைலுக்கு ஒன்றும் கொஞ்சமும். அதனால் லிட்ஜென்ஸ் பெரியவர் என்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் காலத்தில் பந்தைக் கையால் நிறுத்தி ஓங்கி அடித்தார்கள். வேறு விதி, வேறு தொழில்.

மலேசியர்களுக்கு சொஹைல் வெறும் புள்ளிவிவரம் இல்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி அரையிறுதியில் இந்தியாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று சாய்த்து, முதல் தங்கத்துக்கு ஒரு படி கீழே நின்றது. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் 2-0. முதல் கோல் சொஹைலுடைய பெனால்டி கார்னர். அந்தத் தங்கம் இன்றுவரை வரவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ராஸி ரஹிம் கடைசி நேரத்தில் சமன்செய்ய, தம்பின் பிள்ளை எஸ். குமார் கோலைக் காக்க, பெனால்டி ஷூட் அவுட்டில் இந்தியாவை வென்று மறுபடி இறுதிக்குப் போனோம். ஜப்பானுடன் 6-6 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் அதையும் விட்டோம். ஆகவே சொஹைலைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது பாதி மரியாதை, பாதி எரிச்சல். அந்த எரிச்சலில்தான் "அவன் பெனால்டி கார்னருக்கு மட்டும்தான்லா" என்ற பேச்சும் வருகிறது. அவர் ஃபுல் பேக். அடிக்காத நேரத்தில் பின்வரிசையில் தடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மீது வைக்கக்கூடிய நியாயமான குறை வேறு. அவர் காலத்தில் பாகிஸ்தான் உலகக் கிண்ணமும் வெல்லவில்லை, ஒலிம்பிக் தங்கமும் எடுக்கவில்லை. கொன்சாலோ பெய்யட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்கு 11 கோல் அடித்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஜெர்மனிக்குப் போய் 2023 உலகக் கிண்ணத்தையும் தூக்கினார். அந்த அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக். பெரிய ஆட்டத்தில் கார்னரை வைத்தே போட்டியைத் திருப்புவது யார் என்று கேட்டால் என் ஓட்டு பெய்யட்டுக்குத்தான். நீண்ட காலம், ஓயாத அடி என்று கேட்டால் சொஹைல். இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் கடையில் சத்தம்.

இப்போது பையன். அவனை அளக்க வேண்டுமென்றால் ஒரு கார்னரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பந்தைத் தள்ளிவிடுபவர் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, திடலின் பின்கோட்டில் நிற்பார். கோலுக்கு முன்னால் D வடிவில் இருக்கும் டீ வட்டத்தின் உச்சி கோலிலிருந்து 14.63 மீட்டர். நடு உச்சிக்குத் தள்ளினால் பந்து ஏறக்குறைய 19 மீட்டர் உருள வேண்டும். ஸ்டாப்பர் அதை வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார், ஃப்ளிக் அடிப்பவன் உள்ளே இழுத்து வந்து விடுகிறான். தள்ளியதிலிருந்து விடும்வரை எல்லாம் இரண்டு விநாடிக்குள். அந்த இரண்டு விநாடியில், தடுக்க ஓடிவரும் எதிரணியின் முதல் ரன்னர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து பாதி தூரத்துக்கு மேல் வந்திருப்பார். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 13 மீட்டர் தூரத்திலிருந்து கிளம்பினால் கோலைத் தொட அரை விநாடிகூட ஆகாது. கோல்கீப்பர் பார்த்துத் தடுப்பதில்லை, ஊகித்துத் தடுக்கிறார்.

ஏன் எல்லாரும் ஃப்ளிக்குக்கு மாறினார்கள் என்பதும் விதியில் இருக்கிறது. கார்னரில் முதல் அடியை ஓங்கி அடித்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது கோலுக்குள் அடியில் இருக்கும் பின்பலகையின் உயரம். ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோல் முழுக்க அவனுக்குத் திறந்திருக்கிறது.

பையனிடம் முதலில் பார்க்க வேண்டியது பந்தை எங்கே எடுக்கிறான் என்பதை. ஓடிவந்து வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே வைக்கும் அடியில், பந்து வலது பாதத்துக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். அங்கிருந்து இடது காலைத் தாண்டும்வரை மட்டையில் ஒட்டியே வர வேண்டும். இழுக்கும் தூரம்தான் வேகம். அவசரப்படுகிறவன் பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் எடுப்பான். பாதி தூரம் போச்சு, மீதியைத் தோளால் சமாளிக்கப் பார்ப்பான். அப்போது பந்து மிதந்து போகும், வேகமாகப் போகாது.

அடுத்தது இடுப்பு. இடது கால் ஊன்றியதும் இடுப்பு முதலில் திரும்பணும், பிறகு தோள், கடைசியில் மணிக்கட்டு. மூன்றும் ஒரே சமயத்தில் திரும்பினால் பார்க்க அழகாக இருக்கும், பந்தில் பலம் இருக்காது. இடது காலைக் குறுக்கி வைத்தாலும் இதே கதி, இடுப்பு திரும்ப இடம் கிடைக்காது. தலை சீக்கிரம் நிமிர்ந்தால் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே. பந்தை விடும்வரை முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். இளம் வயதில் வீணாகும் ஃப்ளிக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான்.

நம் பையனிடம் இவையெல்லாம் சரியாக வந்துவிட்டன. குறை வேறொன்றில்: ஓட்டத்திலேயே திசை தெரிகிறது. வலது மேல் மூலைக்கு அடிக்கும்போது கடைசி அடியை அகலமாக வைக்கிறான், தோள் முன்னாடியே திறக்கிறது. ஒரு சீசன் ஆடியதும் எதிரணி இதைக் குறித்துவைத்துக்கொள்ளும். "போன வருஷம் அடிச்ச அளவுக்கு இந்த வருஷம் அடிக்கலையே" என்ற புலம்பல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அவன் கெட்டுப்போகவில்லை, மற்றவர்கள் படித்துவிட்டார்கள். நான்கு மூலைக்கும் ஒரே ஓட்டம், ஒரே கால்வைப்பு, மணிக்கட்டில் மட்டும் மாற்றம் என்று வர வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும்.

இளவட்டம் காட்டும் சதவீதமும் சரியில்லை. உதாரணத்துக்குப் பத்துக் கார்னர் கிடைத்ததாக வைப்போம். மூன்றில் தள்ளியவர் பந்தைக் குதிக்கவிட்டார், அல்லது ஸ்டாப்பர் சரியாக நிறுத்தவில்லை. பையன் அடித்தது ஏழு, கோல் இரண்டு. அணியின் கணக்கில் 20 சதவீதம், பையனின் கணக்கில் 28க்கு மேல். நான்கில் ஒன்று விழுந்தாலே எந்த மட்டத்திலும் நல்ல ஃப்ளிக்கர் என்பேன். மீதி ஐந்தையும் பிரிக்க வேண்டும். கோல்கீப்பர் தடுத்தது வேறு, ரன்னர் காலில் பட்டது வேறு, வெளியே போனது வேறு. ரன்னர் காலில் அடிக்கடி பட்டால் இழுப்பு மெதுவாக இருக்கிறது, இல்லையென்றால் பந்து ரன்னரின் பாதையிலேயே நிறுத்தப்படுகிறது. கோல்கீப்பர் தொடர்ந்து தடுத்தால் திசை தெரிந்துவிட்டது. வெளியே போனால் தலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஆறு கட்டம் போட்டு எழுதினால் பாதி விவாதம் ஓய்ந்துவிடும்.

சொஹைல் கணக்கோடு இவனை ஒப்பிடுவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு ஆட்டம் 35 நிமிடமாக இரண்டு பாதி, இன்றைக்கு 15 நிமிடமாக நான்கு கால்பகுதி. பத்து நிமிடம் குறைவு. இன்று முகமூடி, முழங்கால் கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நான்கு பேர் பாய்கிறார்கள். 1998இல் காட்சி அப்படி இல்லை. வளைவு அதிகமான மட்டை பந்தைப் பிடித்து இழுக்க வாகானது. அதையும் பிறகு 25 மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்திருக்கிறார். ஆகவே "இனி யாரும் அப்படி வரமாட்டான்" என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

மட்டை விஷயத்தில் பையனைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசை காட்டும் சொந்தங்கள்தான். வளைவு கீழே இறங்கிய, ஃப்ளிக்கர்களுக்கென்றே செய்த மட்டையை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃப்ளிக் நன்றாக வரும், ஆனால் சாதாரணமாகத் தட்டிக் கொடுக்கும் பந்தும் மேலே எழும்பும். பின்வரிசை ஆட்டக்காரனுக்கு அது ஆபத்து, டீ வட்டத்துக்கு முன்னால் ஃபௌல் ஆகிவிடும். பதினேழு வயதுக்கு நடுத்தர வளைவு போதும். வளர்ந்திருக்கிறானா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து 36.5 அங்குலத்திலிருந்து 37.5க்கு மாற்றலாம்.

அடுத்தது முதுகு. இதை யாரும் பேசுவதில்லை. டிராக் ஃப்ளிக் என்பது குனிந்த நிலையில் முறுக்கித் திருப்பும் வேலை. எலும்பு முற்றாத வயதில் தினம் நூறு அடித்தால் கீழ் முதுகெலும்பில் அழுத்த விரிசல் விழலாம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு முப்பது முழுவேக ஃப்ளிக், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மீதி நேரம் பந்தில்லாமல் கால்வைப்பு பழகட்டும். குனியும்போது ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பாமல் அன்றோடு நிறுத்தி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நம் பாடாங் (ஊர்த் திடல்) புல்தரை, அங்கே பந்து குதிக்கும், இழுத்துப் பழக முடியாது. டெர்ஃப் (செயற்கைத் தரை) வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும். அது கிடைக்காத நாட்களுக்கு ஒரு வழி: மண்டபத்துச் சிமெண்டு பேட்மிண்டன் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, இழுக்கும் பகுதியை மட்டும் பழகலாம். மட்டையின் முனை சீக்கிரம் தேயும், டேப் சுற்றிக்கொள்ளணும். ஈரச் சிமெண்டில் வழுக்கும், ஓடிவரக் கூடாது, இரண்டடி மட்டும் வைத்துப் பழகணும். குறிபார்க்க, கோலின் நான்கு மூலையிலும் பழைய மோட்டார்சைக்கிள் டயரைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கைப்பேசியை கோலுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுக்காதீர்கள். அங்கிருந்து பந்து வருவது மட்டும்தான் தெரியும். 23 மீட்டர் கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். வலது கால் ஊன்றும் நொடியில் படத்தை நிறுத்திப் பார்த்து, பந்து அந்தப் பாதத்துக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு கடையில் உட்கார்ந்து பேசலாம்.