வரைபடத்தின் டிராஃபிக் நிறங்களை ராஸ்டராக்கிய கதை

கூகுள் மேப்ஸில் டிராஃபிக் லேயரைப் போட்டால் சாலைகள் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, அடர் சிவப்பு என்று மாறும், இல்லையா? அதை மணிக்கொரு முறை சேமித்து, எந்தச் சாலை எப்போது நெரிகிறது என்று கணக்குப் போட நினைத்தேன். அந்த லேயர் காட்டுவது நிறம் மட்டும்தான், எண் எதுவும் இல்லை. ஆகவே உலாவியில் வரைபடத்தைத் திறந்து படம் பிடித்து, நிறத்தை 1 (பச்சை) முதல் 4 (அடர் சிவப்பு) வரை எண்ணாக்கி, அதைப் பூமியில் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். இப்படி ஒவ்வொரு பிக்சலிலும் ஓர் எண் உள்ள, பூமியில் இடம் குறித்த படம்தான் ராஸ்டர். ஆர் மொழியில் இதற்கென்றே ‘கூகுள்டிராஃபிக்’ என்ற தொகுப்பு இருக்கிறது. எனக்குப் பைத்தான்தான் பழக்கம் என்பதால் நானே எழுதத் தொடங்கினேன். (படத்தைச் சேமிக்கலாமா என்று சேவை விதிகளை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.)

கணக்கு எளிதுதான். இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கப் பயன்படுத்தும் ப்ரொஜெக்‌ஷனுக்கு இணைய மெர்கேட்டர் என்று பெயர். அதில் ஜூம் 0-இல் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலச் சதுரம், அதாவது நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சலுக்குச் சுமார் 156543 மீட்டர். ஜூம் ஒன்று ஏற ஏற அது பாதியாகும். ஜூம் 16-இல் 2.39 மீட்டர். நடுப்புள்ளி தெரிந்தால் நான்கு மூலைகளும் கிடைத்துவிடும். அப்புறம் ராஸ்டர் கோப்புகளைக் கையாளும் பைத்தான் நூலகமான ராஸ்டீரியோவில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சாலைக் கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் கச்சிதமாகப் பொருந்தியது, ஓரம் போகப் போக விலகியது. இரண்டு மாலைகள் ப்ரொஜெக்‌ஷன்தான் தப்பு என்று 3857-க்கும் (இணைய மெர்கேட்டரின் குறியீட்டு எண்) 4326-க்கும் (அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் எண்) இடையே அலைந்தேன். நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் விலகினால் அது இடப்பெயர்ச்சி இல்லை, அளவுப் பிழை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. என் திரையின் பிக்சல் விகிதம் 2, அதாவது உலாவி கணக்கிடும் ஒரு பிக்சலின் அகலத்துக்குத் திரையில் இரண்டு பிக்சல். ஆயிரம் பிக்சல் கேட்டால் இரண்டாயிரம் பிக்சல் படம் வந்திருக்கிறது, நானோ ஒவ்வொன்றையும் 2.39 மீட்டராகவே எண்ணியிருக்கிறேன். உலாவியைத் திறக்கும்போதே விகிதத்தை 1 என்று கட்டியதும் கோடுகள் ஒட்டிக்கொண்டன.

நிறம் பிரிப்பதில் வேறு சிக்கல். கோட்டின் ஓரங்களை உலாவி மென்மையாக்குவதால் சிவப்பும் பச்சையும் உரசும் இடத்தில் இரண்டும் கலந்த ஒரு நிறம் வருகிறது. என் நிரல் அதை ஆரஞ்சு என்று எடுத்துக்கொண்டது! ஒரு பிக்சலின் நிறம் நான்கு நிறங்களில் மிக நெருங்கியதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற நிற தூரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டிய பிக்சல்களைத் தூக்கி எறிந்தேன். கோடு கொஞ்சம் மெலிந்தது, பரவாயில்லை. படத்தை ஜேபெக்காக மட்டும் சேமிக்காதீர்கள், அது நிறத்தையே குழப்பிவிடும். பிஎன்ஜி போதும்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு சத்தமே இல்லாமல் நடந்தது. நிறமில்லாத இடத்துக்கு 0 கொடுத்திருந்தேன். சராசரி எடுத்தபோது எல்லாச் சாலையும் காலியாகக் கிடப்பது போல எண்கள் வந்தன. நிறம் இல்லை என்றால் நெரிசல் இல்லை என்று அர்த்தம் இல்லை. அங்கே தரவு இல்லை, அல்லது லேயர் ஏறி முடிவதற்குள் படம் எடுத்துவிட்டேன். 0-ஐ நோடேட்டா (தரவு இல்லை, கணக்கில் சேர்க்காதே) என்று அறிவித்தேன். ஐந்து நொடி காத்திருந்து படம் எடுத்து, நிறமுள்ள பிக்சல்கள் வழக்கத்தைவிட மிகக் குறைந்தால் மறுபடி எடுக்கும்படி மாற்றினேன். அப்போதும், 1 முதல் 4 வரை உள்ளது வெறும் தரவரிசை. 4 என்பது 2-ஐப் போல இருமடங்கு நெரிசல் அல்ல. அதனால் சராசரியை விட்டுவிட்டு, ஒரு பிக்சல் எத்தனை மணிநேரம் சிவப்பிலோ அடர் சிவப்பிலோ இருந்தது என்று எண்ணுகிறேன்.

ப்ரொஜெக்‌ஷன் மாற்றுவதாக இருந்தால் அருகிலுள்ள பிக்சலை எடுக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுக்கும் பைலீனியர் முறையைப் போட்டால் 2.7 என்றெல்லாம் வகை முளைக்கும். கோப்புப் பெயரில் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள்.

இருவழிச் சாலைகளில் இரண்டு திசைக் கோடுகளும் ஒட்டிக்கொள்வதுதான் இன்னும் தீரவில்லை. இப்போது ஜூம் 17-இல் முயல்கிறேன். அதே பரப்புக்கு நான்கு மடங்கு படங்கள் எடுக்க வேண்டியிருக்கிறது.